உன் அம்மாவுக்கு நான் கொடுத்த தேன்

செந்தில் கண்ணு,

போன வியாழக்கிழமை மத்தியானம் மருமகள் லட்சுமி போன் பண்ணினாள். நான் வயலுக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை வண்டன்மேட்டிலிருந்து அவள்தான் கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே என்று கேட்பாள். சில நாள் நீ பக்கத்திலேயே இருப்பாய். உன் இருமல் எனக்குக் கேட்கும். ஆனால் உன் அம்மா போன பிறகு இந்தப் பதினோரு மாதத்தில் நீ என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, நானும் கேட்கவில்லை. அன்றைக்கு லட்சுமியின் குரல் வேறு மாதிரி இருந்தது. "மாமா, அவுகளுக்கு ரத்தம் பாத்ததுல சுகர்னு சொல்லிட்டாக. மாத்திரை எழுதிக் குடுத்திருக்காக. இந்த வயசுல மாத்திரை வேணாம்னு எங்க அம்மா சொல்லுது. வீட்டுல சீனிய நிப்பாட்டிட்டு தேன் குடுக்கலாமா மாமா? ஒங்களுக்குத்தான் தேனப் பத்தி எல்லாம் தெரியும்னு எல்லாரும் சொல்லுவாகளே," என்றாள். மடை உடைந்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். மடை உடையவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்து ஒன்று தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நான் உன்னைச் சொன்ன சொல்லை நீ உன் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை என்னிடம் தேனைப் பற்றிக் கேட்டிருக்குமா? அப்பாவின் பெயர் கெடக்கூடாது என்று உள்ளேயே போட்டு வைத்திருக்கிறாய். அது தெரிந்ததும் வரப்பை விட்டு எழுந்து வர முடியவில்லை. வெயில் சாய்கிற வரைக்கும் அங்கேயே இருந்தேன். லட்சுமி கேட்டதற்கும் நீ கேட்காமல் விட்டதற்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். எழுத்து எனக்கு வராது, தெரியும். மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் உனக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிற வேலை கிடைத்து நீ வண்டன்மேட்டுக்குப் போன வருஷம், முதல் லீவுக்கு வரும்போது இரண்டு பாட்டில் தேன் கொண்டுவந்தாய். ஏலத் தோட்டத்தில் பெட்டி வைத்து எடுத்த தேன். மூடியைத் திறந்ததும் லேசாக ஏலக்காய் வாசம் வருகிறதா என்று அம்மா மோந்து மோந்து பார்த்தாள். "என்ற பையன் சம்பாதிச்ச மொதல் தித்திப்பு," என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கரண்டி கொடுத்தாள். அதுவரை நம் வீட்டில் தேன் என்றால் இருமலுக்குக் குழைத்துக் கொடுக்கிற மருந்துதான். தினமும் சாப்பிடுகிற பண்டமாக அதை ஆக்கியது நீ இல்லை. அதைத்தான் நீ முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் வந்து அப்போதே ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. காலையில் ஒரு மாத்திரை, ராத்திரிக்கு ஒன்று. காபிக்கு மட்டும் ஒரு சின்னக் கரண்டி அஸ்கா சர்க்கரை போட்டுக்கொள்வாள். அதுவும் வேண்டாம் என்றுதான் டாக்டர் சொன்னார், அவள் கேட்கவில்லை. ஒரு தடவை பரிசோதனையில் சர்க்கரை ஏறிவிட்டது, இப்படியே போனால் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி என்றதும் அவள் முகம் செத்துவிட்டது. நானும் பயந்துவிட்டேன். அந்தச் சமயத்தில்தான் போனில் வருகிற பேச்சையெல்லாம் கேட்கத் தொடங்கினேன். வெள்ளைச் சர்க்கரை விஷம், தேன் அமிர்தம், ஆயுர்வேதத்தில் அப்படி இருக்கிறது, இப்படி இருக்கிறது என்று ஆளாளுக்குப் பேசினார்கள். பயந்தவனுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு இதமாக இருக்கும் என்று உனக்கு இப்போது புரியும். லட்சுமியின் அம்மா சொல்வதும் அதே பேச்சுதான்.

போனை நம்பி மட்டும் நான் இறங்கவில்லை. சிற்றூர் டவுனில் இருக்கிற மலையாளத்து ஆயுர்வேத வைத்தியர் அம்மாவிடம் உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பழைய பரிசோதனைக் காகிதங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் படித்தார். நெல்லிக்காய்ச் சாற்றில் மஞ்சள் கலந்து, அதில் அரைக் கரண்டிக்கும் குறைவாகத் தேன் சேர்த்து விடிகாலையில் கொடுக்கச் சொன்னார். எடுத்து ஒரு வருஷமாவது ஆன பழந்தேனாக இருக்க வேண்டும், புதுத் தேன் உடம்பைப் பெருக்கும், பழந்தேன்தான் கபத்தையும் கொழுப்பையும் சுரண்டும் என்றார். "சூடு காட்டக் கூடாது. சூடான காபியிலும் பாலிலும் விடக் கூடாது. சூடான தேன் விஷம்னு சாஸ்திரமே சொல்லுது. தேன் மருந்தைக் கொண்டுபோற வண்டி மாதிரி, கேட்டோ. வண்டி கிடைச்சதுன்னு வண்டியையே முழுங்கிடாதீங்க. டாக்டர் கொடுத்த குளிகையை ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மாசம் ஒருக்கா ரத்தம் பார்க்கணும்," என்றார். அதையெல்லாம் ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வருகிற வழியில் எனக்கு அதில் ஞாபகம் இருந்தது ஒன்றுதான். தேன் நல்லது என்று வைத்தியரே சொல்லிவிட்டார்.

அன்றைக்கு வந்ததும் அஸ்கா டப்பாவை எடுத்துத் தென்னை மரத்து மூட்டில் கொட்டினேன். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்றவங்களுக்குக் காபி போட என்னங்க பண்றது?" என்றாள். வருகிறவர்களுக்கும் தேன்தான் என்றேன். காபியில் தேன், பாலில் தேன், தோசைக்குத் தேன், ராகிக் கூழுக்குத் தேன். சுடச்சுடத்தான் ஊற்றினேன். மாதம் ஒரு பாட்டில் போதாமல் இரண்டு கொண்டுவா, மூன்று கொண்டுவா என்று உன்னிடம் சொன்னது நான். அப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று நீயும் தோட்டம் தோட்டமாகப் போய் நல்ல தேனாகப் பார்த்து வாங்கிவந்தாய். உன் அம்மாவுக்குத் தேன் போட்ட காபி பிடிக்கவே இல்லை. "வாயி கூசுதுங்க," என்று ஒருமுறை சொன்னாள். பழகினால் சரியாகிவிடும் என்றேன். அதற்குப் பிறகு சொல்லவில்லை. நான் கொடுத்ததைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்துவிடுவாள்.

அடுத்த மாதம் ரத்தம் பார்த்தபோது கொஞ்சம் இறங்கியிருந்தது. வைத்தியர் அம்மா சொன்னபடி அவள் அரிசியைக் குறைத்திருந்தாள், சாயங்காலம் கோவில் வரைக்கும் நடந்தாள். மாத்திரையையும் விடாமல் போட்டாள். இறங்கியது அதனால். நான் அதைத் தேனின் கணக்கில் சேர்த்துக்கொண்டேன். டீக்கடையில், கல்யாண வீட்டில், பால் சொசைட்டி வாசலில், எங்கே போனாலும் அதே பேச்சு. ஆட்கள் என்னைத் தேடி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். முப்பத்தைந்து வருஷம் இந்த நல்லேப்பிள்ளியில் நெல் விளைவித்தவன் பேச்சை ஒருவரும் நின்று கேட்டதில்லை. தேனைப் பற்றிப் பேசினால் நின்று கேட்டார்கள். அந்த ருசி எனக்குப் பிடித்துவிட்டது, கண்ணு. இதை எழுதும்போதே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இனிமேல் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

மாத்திரையை நிறுத்தியது நான். முதலில் ராத்திரி மாத்திரையை நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்துக் காலை மாத்திரையும் வேண்டாம் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் பால் வைத்திருந்தாள், அதை இறக்கி வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "ஏனுங்க, நீங்க சொன்னாச் சரிதானுங்க. ஆனா மாத்திரைய உடலாமான்னு அந்த வைத்தியர் அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வந்துருங்க. எனக்கு மனசுக்குள்ள என்னமோ பண்ணுது," என்றாள். சரி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு சிற்றூருக்குப் போனேன். உரக்கடையில் இரண்டு மூட்டை யூரியா வாங்கினேன். வைத்தியசாலை வாசலைத் தாண்டித்தான் போனேன், தாண்டித்தான் வந்தேன். உள்ளே போனால் கூடாது என்று சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்து, "கேட்டேன், நிறுத்திக்கலாம்னுட்டாங்க," என்று சொன்னேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்பச் சரிங்க," என்று சொல்லிவிட்டுப் பாலை எடுத்து மறுபடி அடுப்பில் வைத்தாள்.

நீ ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் கேட்பாய், "அம்மா மாத்திர போடறாங்களாப்பா?" என்று. ஆமா கண்ணு, போடறா என்பேன். எத்தனை தடவை அப்படிச் சொன்னேன் என்று எண்ணிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வீட்டிலேயே விரலைக் குத்திச் சர்க்கரை பார்க்கிற மெஷின் ஒன்றை நீ வாங்கி அனுப்பினாயே, அது பிரிக்காமல் அலமாரி மேலேயே கிடந்தது. அம்மா இரண்டு தடவை கேட்டாள். நல்லா இருக்கிற உடம்பை எதற்குக் குத்திப் பார்க்க வேண்டும் என்றேன்.

அவள் நன்றாக இல்லை. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். மெலிந்துகொண்டே வந்தாள், தேன் கொழுப்பைக் கரைக்கிறது என்று அதற்கும் நான் சந்தோஷப்பட்டேன். கால் மரத்துப்போகிறது என்றாள். மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இடத்தில் குதிகாலில் வேல முள் ஏறியிருக்கிறது. அது அவளுக்கே தெரியவில்லை. நாலைந்து நாள் கழித்துத் தரையில் ஈரமாகத் தடம் விழுவதைப் பார்த்து நான்தான் காலைத் தூக்கிப் பார்த்தேன். முள் உள்ளேயே இருந்தது. அப்போதாவது ஆஸ்பத்திரிக்குப் போனேனா? இல்லை. முள்ளைப் பிடுங்கிவிட்டு மஞ்சளும் தேனும் குழைத்துக் கட்டினேன். தேன் புண்ணை ஆற்றும் என்று நான் ஊருக்கே சொன்னவன் இல்லையா. ஒரு வாரம் கட்டினேன். எட்டாம் நாள் குதிகால் கறுத்துவிட்டது. காய்ச்சலில் அவள் என்னை அடையாளம் தெரியாமல், "அண்ணா, நான் நம்ம ஊட்டுக்குப் போறேன்," என்றாள். அப்புறம்தான் காரை வரச்சொன்னேன்.

கம்பம், தேனி, பழனி, பொள்ளாச்சி என்று நாலு பஸ் மாறி மறுநாள் நீ வந்து சேர்ந்தாய். அதற்குள் பாதத்தை எடுத்துவிட்டார்கள். வார்டில் உன் மாமா இருந்தார், என் தங்கச்சி குடும்பம் இருந்தது, இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். அந்த டாக்டர் பையன், உன் வயதுதான் இருக்கும், காகிதத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "மாத்திரைய யாரு நிறுத்தினது? இத்தனை மாசமா என்ன குடுத்துட்டு இருந்தீங்க?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைப் பார்த்தேன். "இவன்தான் சார் மாசாமாசம் தேன் கொண்டாந்து குடுப்பான். அதைத்தான் சாப்பிட்டுட்டு இருந்தா," என்றேன். நீ தலையைத் தொங்கப்போட்டாய். தோளில் இருந்து பையைக்கூட இறக்கியிருக்கவில்லை. உன் அம்மா கட்டிலில் கண்ணைத் திறந்து, "மாத்திரைய நானேதானுங்க நிறுத்திப்போட்டேன், கசக்குதுன்னு. அவிங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்று டாக்டரிடம் சொன்னாள். அந்த நிலைமையிலும் என்னைக் காப்பாற்றினாள். நான் அந்தப் பொய்க்குள் போய் ஒளிந்துகொண்டேன். இத்தனை மாதமும் அதற்குள்தான் இருந்தேன்.

கால் போன நாலாம் நாள், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்தாய். ஊசி போட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். அம்மாவுக்குத் திடீரென்று வேர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. நர்ஸ் ஓடிவந்து விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது, "பஞ்சசார உண்டோ, பஞ்சசார?" என்று மலையாளத்தில் சர்க்கரை கேட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் டீக்கு வைத்திருந்த அஸ்கா பொட்டலத்தைக் கொடுத்தார்கள். தண்ணீரில் கரைத்து என் கையில் தந்து ஊட்டச் சொன்னாள். எந்தச் சர்க்கரையை விஷம் என்று தென்னை மூட்டில் கொட்டினேனோ, அதை என் கையாலேயே அவள் வாயில் ஊற்றினேன். பத்து நிமிஷத்தில் கண் தெளிந்தது. உதட்டை நக்கிக்கொண்டாள். "நல்லா இருக்குதுங்க," என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு பண்டம் நன்றாக இருக்கிறது என்று அவள் சொன்னது அன்றைக்குத்தான். இன்னும் கொஞ்சம் கேட்டாள். நர்ஸ் போதும் என்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவள் எதையும் ருசித்துச் சாப்பிடவில்லை. சிறுநீரகம் நின்று, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தாள். உன்னிடம் இதை நான் சொன்னதே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நீ பஸ் ஏறிய பிறகு, வைத்தியர் அம்மாவிடம் சண்டை போடுவதற்கென்றே போனேன். நீங்கள் சொன்ன தேன்தான் என் பெண்டாட்டியைக் கொன்றது என்று வாசலிலேயே சத்தம் போட்டேன். அவர் என்னை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். தன் நோட்டை எடுத்து, அன்றைக்கு எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார். மாத்திரை தொடரணும், மாதம் ஒருமுறை பரிசோதனை, அரைக் கரண்டிக்கு மேல் கூடாது, சூட்டில் கூடாது. "பிறகு ஒருக்காகூட நீங்க வரலையே. அவங்களைக் கூட்டிட்டு வருவீங்கன்னு ஞான் நோக்கிட்டே இருந்தேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது லட்சுமிக்குப் பதில் சொல்கிறேன். சர்க்கரை நோய் இருக்கிற உடம்புக்குத் தேனும் சர்க்கரைதான், லட்சுமி. ரத்தத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அது ஏலத்தோட்டத்துத் தேனா, கடையில் வாங்கிய அஸ்காவா என்று உடம்பு விசாரிக்காது. வெள்ளைச் சர்க்கரையை நிறுத்துவது நல்லதுதான், நிறுத்து. அந்த இடத்தில் தேனை ஊற்றாதே. தித்திப்பே இல்லாமல் காபி குடிக்க அவன் பழகட்டும். ஆயுர்வேதம் பார்க்க ஆசை என்றால் படித்த வைத்தியரிடம் போங்கள். தேன் கொடுத்தால் அவர் சொன்ன அளவு, சொன்ன மாதிரி, டாக்டருக்கும் தெரிந்து கொடுங்கள். அந்த வைத்தியத்தில் குற்றம் இல்லை. அது எனக்கு எல்லாவற்றையும் சொல்லித்தான் கொடுத்தது, எனக்கு வேண்டியதை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். மாத்திரையை யார் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தாதே. பிரியமானவர்கள் சொன்னால் இன்னும் ஜாக்கிரதையாக இரு. உன் மாமியார் என் மேல் வைத்த பிரியத்தால்தான் கேள்வி கேட்காமல் விட்டாள். தினமும் சாயங்காலம் அவன் பாதத்தைப் புரட்டிப் பார். அவன் கூச்சப்பட்டு இழுத்துக்கொண்டாலும் விடாதே.

கண்ணு, போன ஞாயிற்றுக்கிழமை முதலமடைக்கு உன் மாமா வீட்டுக்குப் போனேன். மாந்தோப்பில் மருந்தடிக்கிற வேலையில் இருந்தார். கூப்பிட்டு உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை நிறுத்தியது நான், வைத்தியரிடம் கேட்டேன் என்று உங்கள் தங்கச்சியிடம் பொய் சொன்னது நான், செந்திலுக்கு இதில் ஒன்றும் தெரியாது என்றேன். "மாப்பள, அன்னிக்கு அத்தன பேரு முன்னால அந்தப் பையன் தலைய தொங்கப்போட்டுட்டு நின்னான். நானும் அவன ஒரு வார்த்த பேசிட்டேன். என்ற தங்கச்சி புள்ளைய நானே பேசிட்டேன்," என்றார். பிறகு, "நீங்க கெளம்புங்க. இனி இந்தத் தோட்டத்துப் பக்கம் வர வேண்டாம்," என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் சொன்னது சரி. என் தங்கச்சியிடமும் சொல்லிவிட்டேன். அவள் அழுதாள், இன்னும் போன் எடுக்கவில்லை. டீக்கடையிலும் சொன்னேன். தேனைப் பற்றிச் சொன்ன அதே பெஞ்சில் உட்கார்ந்து சொன்னேன். இப்போது என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. உன்னைக் குறை சொன்னது நாலு பேர் முன்னால். அதனால் இந்தக் கடிதத்தையும் நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு, கடையில் வேலை செய்கிறவர்களுக்குக்கூடப் படித்துக் காட்டு. எனக்கு அதில் குறையில்லை.

மன்னித்துவிடு என்று எழுதி எழுதித்தான் இத்தனை காகிதம் கிழித்தேன். அதைக் கேட்கிற இடத்தில் நான் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அம்மாவைக் கொன்றது நீ கொண்டுவந்த தேன் என்று எங்காவது உன் மனதுக்குள் இருந்தால், அதை இன்றோடு எடுத்துப் போட்டுவிடு. காரணம் நான்தான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாம் தெரிந்துதான் அவள் பொய் சொன்னாள்.

வருஷத் திதிக்கு நீ வந்தால் வா. வர மனமில்லை என்றால் அங்கேயே ஒரு விளக்கு வை. இரண்டிலும் எனக்கு வருத்தம் இல்லை. தினமும் காலையில் நீ மாத்திரையைப் போட்டதும் லட்சுமியை விட்டு எனக்கு ஒரு போன் பண்ணச் சொல். நீ பேச வேண்டாம். "போட்டுட்டாக மாமா" என்று அவள் சொன்னால் போதும், நான் வைத்துவிடுகிறேன்.

அப்பா